வகைப்பித்தரும் ஒரு கைப்பிடியும்

உலகத்தில் ஓர் இனம் உண்டு. அதற்குக் கொம்பு கிடையாது, வால் கிடையாது. பார்வைக்கு நம்மைப் போலத்தான் இருக்கும். ஆனால் அதன் கையில் எதைக் கொடுத்தாலும், தின்பதற்கு முன், உடுப்பதற்கு முன், ஏன், நன்றி சொல்வதற்கும் முன், "இது எதுல வரும்?" என்று ஒரு கேள்வி கேட்கும். இந்த இனத்துக்கு வகைப்பித்தர் என்று பெயர் வைத்துவிடுவோம். வைக்காமல் விட்டால் அவர்களுக்கே பொறுக்காது.

வகைப்பித்தரை அடையாளம் காண்பது சுலபம். அவர் வீட்டுச் சமையலறையில் டப்பாக்கள் உயரவாரியாக நிற்கும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் உள்ளே இருப்பதன் பெயர் ஒட்டியிருக்கும். பெயர் எழுதி ஒட்டுகிற காகிதச் சுருள் இருக்கும் டப்பாவின் மேலும் 'காகிதச் சுருள்' என்று ஒட்டியிருக்கும். இரண்டு துளைப் பொத்தான்கள் ஒரு சீசாவில், நான்கு துளைப் பொத்தான்கள் இன்னொரு சீசாவில் இருக்கும். அவர் சட்டையில் மட்டும் ஒரு பொத்தான் இருக்காது. மழை வந்தால், இது தூறலா சாரலா என்று முதலில் தீர்மானிப்பார். பிறகு, குடை என்பது வாசலில் செருப்போடு சேர்ந்ததா, அலமாரியில் உடையோடு சேர்ந்ததா என்று யோசித்து யோசித்துத் தேடுவார். கையில் குடை வருவதற்குள் மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் தொப்பலாக நனைந்திருக்கும்.

அவரைப் பயமுறுத்த வேண்டுமா? எதிலும் சேராத ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். ஒரு கால் உடைந்த மூக்குக்கண்ணாடி. பாதி எரிந்த மெழுகுவர்த்தி. எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவி. தூக்கிப் போடவும் மாட்டார், பயன்படுத்தவும் மாட்டார். மேஜைமேல் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவார். கடைசியில், 'இதர' என்று எழுதிய இழுப்பறைக்குள், யாரும் பார்க்காதபோது, திருடன் மாதிரி தள்ளி மூடுவார். கத்தரிக்கோல், டார்ச் விளக்கு, ரப்பர் வளையம், தலைவலி மாத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கும். வீடு நடப்பதே அந்த இழுப்பறையால்தான். இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இந்த இனத்தின் உயர்ந்த ரகம் அக்கா.

அக்கா ஆஸ்பத்திரி வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வார்டு வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே, சுருண்டு படுத்திருக்கிற போர்வைகூடத் தானாக நீண்டுகொள்ளும் என்பார்கள். நோய்க்கு டாக்டர்கள் முழ நீளப் பெயர் வைத்திருந்தார்கள். அக்காவிடம் இருந்தவை மூன்றே வகை. தானாக எழுபவர், பிடித்தால் எழுபவர், தூக்கினால்தான் எழுபவர். கட்டில் வரிசையை ஒருமுறை கண்ணால் தடவுவாள், அவ்வளவுதான், எந்தப் பக்கம் எத்தனை கை அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். நோயின் பெயரைத் தெரிந்துகொண்டு நோயாளியைத் தூக்க முடியாது அல்லவா? நல்ல ஏற்பாடு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை எங்கே வந்தது என்றால், அக்கா ஓய்வு பெற்றாள், அவள் கண் ஓய்வு பெறவில்லை. தம்பி வீட்டுக் கீழறையில் வந்து தங்கினாள்; தங்கிய முதல் நாளே வீட்டை வார்டாக்கினாள். தம்பி, காலையில் டீ கையில் கொடுத்தால் எழுபவன். ஆகவே இரண்டாம் வகை. எதிர்வீட்டுக்காரர் அரட்டைக்கு வந்து உட்கார்ந்தால் தூக்கினால்தான் எழுவார். மூன்றாம் வகை. பேருந்து நிறுத்தத்தில், வங்கி வரிசையில், கண் டாக்டரின் காத்திருப்பு அறையில், எங்கே போனாலும் அக்காவின் உதடு லேசாக அசையும். எண்ணுகிறாள்.

தன்னை அவள் எந்த வகையில் வைத்திருந்தாள்? அந்தக் கேள்வி எழவே இல்லை. வார்டில் சிஸ்டருக்குக் கட்டில் கிடையாதே!

வகைப்பித்தர் தனியாக இருந்தால் ஆபத்தில்லை. இரண்டு பேர் ஒரே கூரையின்கீழ் வசிக்கும்போதுதான் தொற்று பரவும். தம்பியும் அந்த இனம்தான். போதாக்குறைக்கு அவன் தொழிலே அது. கட்டடத்தைத் தரையில் கட்டுவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்க்கிற வேலை. அதற்கு மாடல் என்று பெயர். மாடியறையில் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு நாளெல்லாம் கட்டிக்கொண்டிருப்பான். அவன் கட்டிய ஆறு மாடிக் கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட அவன் தொட்டதில்லை.

ஒருநாள் அக்கா டீயோடு ஏறிப்போய்த் திரையைப் பார்த்தாள்.

"என்னடா இது, வெறும் கோடா போட்டு வச்சிருக்க?"

"கோடு இல்லக்கா, சுவர். கோடு போட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது. சுவர்னு சொல்லிப் போட்டா, தான் சுவர்னு அதுக்கே தெரியும்."

"அப்ப கதவு?"

"கதவு சுவர்லதான் உட்காரும். வெறும் எடத்துல வைக்கப் பாரு, மெஷின் விடவே விடாது."

"சுவரை எடுத்துட்டா?"

"கதவும் கூடவே போயிடும்."

அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. "இந்த ஒழுங்கு ஆஸ்பத்திரியிலகூட இல்லடா. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடிஞ்சு வீட்டுக்கே போயிருப்பாரு, அவர் பின்னால வந்தவங்க அங்கேயே நின்னுட்டிருப்பாங்க."

அன்றிலிருந்து தினமும் மாடியேறினாள். தம்பி சொல்லச் சொல்ல, பசித்தவள் சாப்பாடு கண்ட மாதிரி கேட்டுக்கொண்டாள். மெஷினுக்குள் எது வந்தாலும் அதற்கு ஒரு வகை இருந்தே ஆகவேண்டும்: சுவர், தரை, கதவு, ஜன்னல், மரச்சாமான், குழாய்ச் சாமான், சாதனம். வகைக்குள் குடும்பம். குடும்பத்துக்குள் மாதிரி. மாதிரிக்குள் இதோ இந்த ஒற்றைக் கதவு. வகைகளைக் கம்பெனிக்காரர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். நீங்களோ நானோ புதிதாக ஒன்று சேர்க்க முடியாது. எதிலும் சேராததைப் போட 'பொது' என்று ஒரு வகை உண்டு.

"சோம்பேறிங்க எல்லாத்தையும் பொதுவுல கொட்டிடுவாங்கக்கா," என்றான் தம்பி, அருவருப்போடு. "கதவும் பொது, படியும் பொது, கைகழுவற தொட்டியும் பொது. பார்வைக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கும். இந்தக் கட்டடத்துல எத்தனை கதவுன்னு மெஷினைக் கேளு, ஒண்ணுகூட இல்லைன்னு சொல்லும்."

"ஐயையோ," என்றாள் அக்கா. உண்மையாகவே பதறினாள்.

முகம் பார்க்கும் கண்ணாடி மரச்சாமானா, சாதனமா? சுவரில் பதித்த அலமாரி சுவரைச் சேர்ந்ததா, அலமாரியைச் சேர்ந்ததா? இருவரும் டீ ஆறுகிற வரைக்கும் வாதாடுவார்கள். தம்பியின் மனைவி பள்ளிக்கூட டீச்சர். அவள் இந்த இனம் இல்லை. சர்க்கரை என்று எழுதிய டப்பாவில் உப்பைப் போட்டு வைப்பாள். சமையலில் ஒருநாளும் மாற்றிப் போட்டதில்லை. துவைத்த துணியை அள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு குத்து விடாமல் போக மாட்டாள்.

"கதவுக்குக்கூட குடும்பம் இருக்காமே?" என்றாள் ஒருதரம். "இந்த வீட்ல சிலபேருக்குக் குடும்பம் இருக்கிறது ஞாபகம் வந்தா, யாராவது கடைக்குப் போயிட்டு வரலாம்."

இன்னொரு நாள் தம்பி, கட்டடத்தின் அழகைக் காட்டுவதற்காக, வாசலில் ஒரு மரத்தையும் ஒரு பெண்ணையும் கொண்டுவந்து நிறுத்தினான். கையில் பை, தோளில் துப்பட்டா, முகத்தில் ஒரு கவலையும் இல்லை.

"மரம் எதுல வரும்?"

"செடிகொடின்னு தனி வகை இருக்குக்கா."

"இந்தப் பொண்ணு?"

தம்பி கொஞ்சம் தயங்கினான். "பரிவாரம்."

"பரிவாரமா?"

"காரு, ஆளு எல்லாம் அதுல வரும். சும்மா, கட்டடம் எவ்வளவு பெருசுன்னு தெரியறதுக்கு நிறுத்தி வைக்கிறது. கணக்குல வராது."

"மரத்துக்குத் தனி வகை, மனுஷி காரோட சேர்த்தியா?"

"அண்ணி, நீங்க வேற," என்றாள் டீச்சர், துணியை மடித்தபடி. "இந்த வீட்டுப் பரிவாரத்துல நான் எத்தனை வருஷமா நிக்கிறேன். கணக்குல வந்திருக்கேனா?"

சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரிக்கும்போது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தாள். மாடிப்படி இறங்கும்போது வலது கால் முட்டி சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

அதன்பிறகுதான் குளியலறையில் வழுக்கினாள். பெரிதாக ஒன்றுமில்லை, தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு காயம். ஆனால் டீச்சர் அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, குளிக்க வைக்க ஆள் வச்சிடுவோம் அண்ணி. இப்பவே சொல்லிட்டேன்."

அக்கா புடவையை இழுத்துக் காயத்தை மூடிக்கொண்டாள். குளிக்க வைக்கிற ஆள்! ஊரிலுள்ள முதுகையெல்லாம் தேய்த்துக் குளிப்பாட்டியவள் அவள். "வெக்கம் என்னம்மா, நாங்க பாக்காததா?" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! சொல்லுகிற பக்கத்திலிருந்து அது நல்ல வார்த்தை. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, தன் முதுகைத் தானே எட்டியவரைக்கும் தேய்த்துக்கொண்டு, எட்டாததை விட்டுவிட்டுக் குளிப்பது என்கிற உரிமை ஒன்றுதான் அவளிடம் மிச்சமிருந்தது. அதை விட அவள் தயாராக இல்லை.

தம்பி ஒரு வழி சொன்னான். கீழறையை ஒட்டின குளியலறையை உடைத்துப் பெரிதாக்குவது. நடுச்சுவரைத் தள்ளி வைத்து, கனமில்லாத பலகைச் சுவராக எழுப்புவது, இரண்டு பக்கமும் பலகை, நடுவில் வெற்றிடம். உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல். எழும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. அந்தக் கம்பி இருக்கிறவரைக்கும் ஆள் வேண்டாம். டீச்சரும் ஒப்புக்கொண்டாள். ஆக, அக்காவின் தாழ்ப்பாள் அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாடியறையில் மாடல் தயாராயிற்று. சுவர் நகர்ந்தது, கதவு சமர்த்தாகக் கூடவே நகர்ந்தது. தம்பி கம்பியைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினான். அதன் தலைமேல் பொடி எழுத்தில் அதன் வகையும் குடும்பமும் தெரிந்தன.

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். "சிறப்புச் சாதனம். நோயாளி உதவி." பிறகு கேட்டாள்: "யாருடா நோயாளி?"

"அது குடும்பப் பேருக்கா. அப்படித்தான் வரும்."

"எனக்கு அந்தக் குடும்பத்துல சம்பந்தம் வேணாம். மாத்து."

"வேற எதுல போடறது?"

"துண்டு போடற கம்பி எதுல வரும்?"

"அதை நான் மரச்சாமான்ல வச்சிருக்கேன், ஸ்டூல், கண்ணாடியோட."

"அதுல போடு. பாத்தா ரெண்டும் ஒண்ணுதானே? நீளமா, வழவழன்னு. துண்டும் போட்டுக்குவேன், தேவைப்பட்டா பிடிச்சும்குவேன். யாராவது வந்து பாத்தா துண்டுக் கம்பின்னு நினைக்கட்டும்."

தம்பி வகைப்பித்தன், ஆனால் அதற்கு முன்னால் தம்பி. அக்காவின் முகத்தைப் பார்த்தான், வகையை மரச்சாமான் என்றும் பெயரைத் துண்டுக் கம்பி என்றும் மாற்றிவிட்டான். இருவருக்கும் திருப்தி. பொருளுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டால் வகைப்பித்தருக்கு மனசு லேசாகிவிடும். அந்த இடத்தில் அந்தப் பொருள் என்ன ஆகும் என்பதை அதற்கப்புறம் யோசிக்க மாட்டார். மனிதர்களையும் அப்படித்தான் வைப்பார்.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். சுவர் கட்டுகிற மேஸ்திரிக்குப் படம் அச்சடித்துக் கொடுக்கும்போது மரச்சாமான் வகையை மறைத்துவிடுவது தம்பியின் வழக்கம். கட்டில், மேஜை, நாற்காலி எல்லாம் வீட்டுக்காரர் பின்னால் கொண்டுவந்து போடுவது. சுவர் கட்டுகிறவருக்கு அது எதற்கு? ஒரு தட்டு தட்டினான். மரச்சாமான் மொத்தமும் மறைந்தது. ஸ்டூல் போயிற்று, கண்ணாடி போயிற்று, கூடவே அக்காவின் கம்பியும் போயிற்று. மேஸ்திரி கையில் கொடுத்த படத்தில் மொட்டைச் சுவர். கம்பி வரும் என்று தெரிந்திருந்தால், ஆள் கனத்தைத் தாங்க உள்ளே ஒரு கனமான மரக்கட்டை வைத்து அதன்மேல் பலகை அடித்து மூடியிருப்பார். அவருக்கு எப்படித் தெரியும்? மூடினார். டைல்ஸ் ஒட்டினார். ரொம்ப நேர்த்தியாக ஒட்டினார்.

கடைசியில் மரச்சாமான்களை உள்ளே வைக்கும் நாள் வந்தது. ஸ்டூலை வைத்தான், கண்ணாடியை மாட்டினான், பட்டியலில் அடுத்ததாக இருந்த துண்டுக் கம்பியைத் தம்பியே டைல்ஸ்மேல் துளை போட்டு நான்கு ஸ்க்ரூவில் நிறுத்தினான். துண்டைத் தாங்க அது ஏராளம். அவன்தானே அதற்குத் துண்டுக் கம்பி என்று பெயர் வைத்தான்? வைத்தவனே நம்பிவிட்டான். இந்த இனத்தின் தனிச்சிறப்பு அது.

முதல் வாரம் அக்கா அதில் துண்டு மட்டும்தான் போட்டாள். பிடித்து எழவேண்டிய அவசியம் இல்லை என்று நிரூபிக்கிற வாரம் அது. அடுத்த வாரம் முட்டி ஒத்துழைக்க மறுத்தது. குளித்து முடித்து, ஈரக் கையால் கம்பியைப் பற்றி, உடம்புக் கனத்தை முழுக்க அதில் போட்டு எழுந்தாள்.

சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் கம்பி இருந்தது. கம்பியின் ஒரு முனையில் டைல்ஸ் துண்டு தொங்கியது. எதிரே சுவரில் ஓர் ஓட்டை, அதற்குள் கும்மிருட்டு. கட்டையில்லை, ஒன்றுமில்லை. பழக்கதோஷம், முதலில் பரிசோதனை. "கால் விரலை அசைங்கம்மா," என்று சொன்னாள். அசைந்தது. "இடுப்புல குத்துதா?" இல்லை. "சரி, பயப்படாதீங்க." சொல்லி முடித்தபிறகுதான், அந்த அறையில் வேறு அம்மா யாரும் இல்லை என்பது உறைத்தது.

கதவுக்கு வெளியே டீச்சர் குரல். "அண்ணி! என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. கம்பி விழுந்திருச்சு."

"கம்பி மட்டுமா?"

வகைப்பித்தர் பொய் சொல்ல மாட்டார். தவணையில் உண்மை சொல்வார். "கூட ஒரு டைல்ஸ்."

"அது கூட?"

"அது கூட நானும்."

டீச்சர் இந்த இனம் இல்லை என்றாலும் இந்த வீட்டில் வாழ்ந்தவள். "தானா எழுவீங்களா, பிடிச்சா எழுவீங்களா, தூக்கினாத்தானா?"

அக்கா குழாயைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். சுவரிலிருந்த ஓட்டையைப் பார்த்தாள். யாராவது வேறு ஒரு வகை கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

"பிடிச்சா," என்றாள்.

"கேக்கல அண்ணி."

"பிடிச்சா, பிடிச்சா! காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?"

"கதவு தாழ் போட்டிருக்கே?"

தாழ்ப்பாள் எட்டவில்லை. அக்கா கையிலிருந்த கம்பியை நீட்டி, அதன் வளைந்த முனையைத் தாழ்ப்பாளின் காதில் மாட்டி இழுத்தாள். மூன்றாம் இழுப்பில் திறந்தது. மரச்சாமான் என்று பெயர் வாங்கிய அந்தக் கம்பி உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

டீச்சர் ஒரு போர்வையோடு உள்ளே பாய்ந்து வந்தாள். வந்த வேகத்தில் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தாள்.

"கையைப் பிடிச்சு இழுக்காத, தோள் கழண்டுக்கும்! ஸ்டூலை இங்க நகர்த்து. முதல்ல நான் முட்டி போடறேன். இடுப்புக்குப் பின்னால கை குடு. நான் மூணு எண்ணுவேன். ஏம்மா, இடுப்பு எதுன்னு தெரியாதா உனக்கு?"

இந்த மாதிரி நோயாளிகளுக்கு அக்கா வார்டில் ஓர் உட்பிரிவு வைத்திருந்தாள்: வாய் மட்டும் நடப்பவர். அவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

அக்காவைக் கட்டிலில் உட்கார்த்தி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து முடித்தபோது தம்பி அலறியடித்துக்கொண்டு இறங்கி வந்தான். ஓட்டையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். உடனே மாடிக்கு ஓடினான். மறுபடி மடிக்கணினியோடு இறங்கி வந்தான்.

"மாடல்ல கம்பி இருக்கேக்கா! இதோ பாரு, சரியான உயரத்துல இருக்கு!"

"அப்ப அவங்க மாடல்லயே குளிச்சிருக்கணும்," என்றாள் டீச்சர்.

தம்பி மேஸ்திரிக்கு அச்சடித்துக் கொடுத்த படத்தைத் திறந்தான். மொட்டைச் சுவர். மரச்சாமானைக் காட்டு என்று தட்டினான், கம்பி வந்தது. மறை என்று தட்டினான், போயிற்று. மறுபடி காட்டினான், மறுபடி மறைத்தான். மெஷின் மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்ன சொல்லைத் தட்டாத மெஷின். இந்தக் கம்பி ஆள் கனத்தைத் தாங்க வேண்டாமா, சுவருக்குள் கட்டை வேண்டாமா என்று அது கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய இரண்டு பேரும் அன்றைக்கு அதன் எதிரேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"போதும்," என்றாள் டீச்சர். "நாளைக்கே ஆளுக்குச் சொல்லிடறேன். இதுக்கு மேல பேச்சு வேணாம் அண்ணி."

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஒத்தடத் துணியைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். இதே மாதிரி ஒருத்தி வார்டில் கிடந்து, கட்டில் ஓரத்துக் கம்பியை ஏற்றிவிட வேண்டாம், நான் விழமாட்டேன் என்று வீம்பு பிடித்திருந்தால் அக்கா என்ன செய்திருப்பாள்? பேச்சே கிடையாது. ஏற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பாள்.

"ஆள் வரட்டும்," என்றாள் அக்கா. "சுவரை உடைச்சுக் கட்டை வைக்கிற வரைக்கும் வரட்டும். கட்டை வச்சுக் கம்பி நின்னதுக்கப்புறம் ஆள் வேணாம். அது வரைக்கும் நீ சொல்றது, அதுக்கப்புறம் நான் சொல்றது. சரியா?"

டீச்சர் வாதத்துக்குத் தயாராக மூச்சை இழுத்து வைத்திருந்தாள். அதை வீணாக வெளியே விட்டாள். "சரி."

"கம்பியை எதுலக்கா போடட்டும்?" என்றான் தம்பி, மெதுவாக.

"முதல்ல நீ போட்ட எடத்துலயே போடு."

"அதுல அந்தப் பேரு வரும்..."

"நோயாளி உதவி. படிக்கத் தெரியுண்டா எனக்கு. போடு."

தம்பி தட்டினான். கண் இமைக்கிற நேரத்தில் கம்பி மரச்சாமானிலிருந்து சாதனமாயிற்று. அதற்கு ஒன்றும் வலித்த மாதிரி தெரியவில்லை.

குளிக்க வைக்கும் ஆள் வந்தாள். நடுவயது, இறுக்கின முடி, முழங்கைக்கு மேல் மடித்த சட்டைக்கை. வாசலில் நின்றபடி அக்காவைத் தலையிலிருந்து கால்வரைக்கும் ஒருமுறை கண்ணால் தடவினாள். அவள் உதடு லேசாக அசைவதை அக்கா பார்த்துவிட்டாள்.

"என்னை எதுல வச்ச? சொல்லு."

அந்தப் பெண் திடுக்கிடவில்லை. "பிடிச்சா எழுவீங்க," என்றாள். "ஆனா பிடிச்சா திட்டுவீங்க."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. இத்தனை வருஷம் வார்டு பார்த்தும் இந்த வகை தனக்குத் தோன்றவில்லையே!

முதுகை அந்தப் பெண் நன்றாகத்தான் தேய்த்தாள். எட்டாத இடம் என்று அக்கா விட்டுவைத்திருந்ததெல்லாம் அவள் கைக்கு எட்டியது. அதை அக்கா வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் சுவர் தயாராகி, மேஸ்திரி புதுக் கம்பியில் இரண்டு கையாலும் தொங்கிக் காலை மடக்கி ஆடிக் காட்டி, "யானையைக் கட்டலாம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போன மறுநாள், அந்தப் பெண் விடைபெற வந்தபோது, "வாரத்துக்கு ஒருநாள் வந்துட்டுப் போ. முதுகுக்கு மட்டும்," என்றாள்.

"வேலையாளாவா, விருந்தாளியாவா?" என்று கேட்டாள் அவள்.

"வாயாடி. வான்னா வா."

பிறகு அக்கா குளியலறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே தம்பியும் டீச்சரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது, நின்றது. ஸ்டூல் கிரீச்சென்றது. ஒரு முனகல். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

"அண்ணி? எழுந்துட்டீங்களா?"

"எழுந்துட்டேன்."

"தானாவா, பிடிச்சா?"

"ரெண்டும்தான்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "போய் வேலையைப் பாருங்க, போங்க!"

தம்பி மனைவியைப் பார்த்தான். அவன் நெற்றி சுருங்கியது. "ரெண்டும்னா, அது எதுல வரும்?" என்றான்.

அவன் திருந்த மாட்டான். விடுங்கள். உங்கள் விஷயத்துக்கு வருவோம். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'எங்க பெரியப்பா அச்சு அசல் இதேதான்', 'ஆபீஸ் மேனேஜர் இதில் பாதி', 'மாமியார் அந்த அக்காவுக்கும் மேலே' என்று, தெரிந்தவர்களையெல்லாம் பிரித்துப் பிரித்து அவரவர் இடத்தில் வைத்துக்கொண்டே வந்தீர்களே, கவனித்தீர்களா? அத்தனை பேருக்கும் இடம் கண்டுபிடித்தவர், தனக்கென்று ஓர் இடம் ஒதுக்கிக்கொள்ளவில்லை, பார்த்தீர்களா? நம் இனத்தில் எல்லாருக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கும். உட்கார்ந்து நிதானமாக யோசியுங்கள், அவசரமில்லை. எழுந்திருக்கும்போது மட்டும் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். பிடித்தது எந்த வகை என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.